கீரிமலை ஒழுங்கைக்கு வந்த 500 பில்லியன்

காலை ஏழே முக்கால். பிரதேச செயலகத்தின் முன்வாசலில் ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் பின்பக்கத்தால், சைக்கிள் கொட்டிலைத் தாண்டி, தேத்தண்ணி போடும் அறை வாசலால் உள்ளே போய்விட்டேன்! "பேர் போடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வேலைக்குக் குறுக்கே நிக்கக் கூடாது" என்ற நிபந்தனைகளோடு கிடைத்த அனுமதி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நெஞ்சு படபடத்தது உண்மை. எங்கள் ஊரவருக்குக் கந்தோர் என்றால் கம்பி யன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிற இடம். கம்பிக்கு உள்ளே நின்று வெளியே பார்க்கக் கிடைப்பது சின்ன விசயமா? வாருங்கள், செருப்பைச் சத்தமில்லாமல் வைத்து என்னோடு வாருங்கள்.

எதைப் பார்க்க வந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. டிசம்பர் 19ஆம் திகதி நாடாளுமன்றம் 500 பில்லியன் ரூபாவுக்கான குறைநிரப்பு மதிப்பீட்டை நிறைவேற்றியது. அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டம் அப்போதுதான் நிறைவேறியிருந்தது. அது போதாது, இன்னும் வேண்டும் என்று அதற்கு மேல் கேட்டு வாங்கிய பணம் இது. நம் பழைய கணக்கில் 50,000 கோடி ரூபா! அந்த நாடாளுமன்றக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றே எனக்கு ஆசை பிறந்துவிட்டது. இந்தப் பெருந்தொகையில் ஒரு துளி யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கு எப்படி வந்து சேரும்? யார் கையால், எந்த ஒழுங்கையால்? வீட்டுக்கு, தோட்டத்துக்கு, கிணற்றுக்கு, காய்ச்சலுக்கு என்று அது பிரிவது எந்த மேசையில்?

அந்த மேசை இதோ. கூட்ட மண்டபத்தில் இப்போது கூட்டம் நடத்த இடமில்லை. பாய்க்கட்டுகள் ஒரு மூலையில் கூரை தொடுகின்றன. நுளம்பு வலை, உலர் உணவுப் பொதி, யாரோ புண்ணியவான் அனுப்பிய சவர்க்காரப் பெட்டிகள். நடுவே நான்கு மேசைகளை ஒட்டிப்போட்டு, அதன்மேல் படிவங்களைக் குவித்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது மேலே: மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டி, மழையில் நனைந்த கோவைகளின் தாள்களை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் வரிசையாகக் கொழுவியிருக்கிறார்கள். விசிறி சுழல, யாரோ ஒருவரின் 2009ஆம் ஆண்டுக் கடிதம் என் காதில் உரசிப் போகிறது.

இளம் எழுதுவினைஞர் ஒருவருக்குக் குரலே இல்லை. திருவெம்பாவைக் காலம் அல்லவா, விடிய முன்னர் ஊரெல்லாம் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிப் போகிற கூட்டத்தில் அவர்தான் முன்பாட்டு. விடிந்தால் கந்தோரில் சனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். தொண்டையைக் காட்டிச் சைகையாலேயே பேசுகிறார். பக்கத்து மேசை அக்கா மாத்திரை டின்னைத் திறந்து ஒரு துண்டுப் பனங்கட்டி கொடுக்கிறார். "இதை வாயில போடும். பாட்டுக்கில்லை, பத்து மணிக்கு வாற சனத்துக்கு."

காசு இங்கே மூட்டையாக வருவதில்லை. முதலில் வருவது சுற்றுநிருபம். திறைசேரியிலிருந்து அமைச்சுக்கு, அமைச்சிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கு, அங்கிருந்து கட்டுநிதியாக இங்கே. இங்கிருந்து மேலே போக வேண்டியது பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு. மேலிருந்து தொகை இறங்க, கீழிருந்து பெயர் ஏற, இரண்டும் சந்திக்கிற இடம்தான் இந்த ஒட்டிப்போட்ட மேசை. நடுவே திருத்தச் சுற்றுநிருபங்கள் வேறு. வெள்ளம் புகுந்த வீட்டைச் சுத்தப்படுத்த முதலில் 10,000 ரூபா என்றார்கள், பிறகு 25,000 ஆக உயர்த்தினார்கள். வீட்டுப் பொருட்களுக்கு 50,000. வெளியே நின்ற நமக்கு அது நல்ல செய்தி. உள்ளே? "தொகை கூடினது சந்தோசம். தட்டச்சு செய்த பட்டியல் முழுக்கத் திரும்பவும்" என்று அந்த அக்கா சிரிக்கிறார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அந்த இரவுகளில் அவருடைய பிள்ளைக்குச் சோறு குழைத்துக் கொடுத்தது அவருடைய அம்மாவாம்.

தொலைபேசியைப் பாருங்கள், அதுதான் இன்றைய முழுநேர நாடகம். வெள்ளத்தில் ஊறிய வங்கிப் புத்தகம் ஒன்றின் போட்டோக் கொப்பி. ஓர் இலக்கம் கரைந்துவிட்டது. "அம்மா, மூண்டாவது இலக்கம் ஒண்டோ ஏழோ?" மறுமுனையில் நெடுநேரம் தேடல். "ஒண்டு மாதிரித்தான் மோனை இருக்கு. ஆனா கொஞ்சம் வளைஞ்சிருக்கு." அறை முழுக்கச் சிரிப்பு. பிறகு அதே மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, வங்கிக்கு எடுத்து, முகாமையாளரைப் பிடித்து, அந்த இலக்கத்தை உறுதி செய்துகொண்டுதான் கதிரையில் சாய்ந்தார். ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் 25,000 ரூபா நிற்கிறது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு விதானையார் வெளிக்கிடுகிறார். நானும் பின்னால். கிராம உத்தியோகத்தர் என்று பலகை சொன்னாலும் ஊருக்கு அவர் இன்றும் விதானையார்தான். இவர் பெண் என்பதால் வயதானவர்களுக்கு "விதானைப் பிள்ளை". ஸ்கூட்டியின் முன்பக்கக் கூடையில் கோவை, கோவைக்கு மேல் குடை, குடைக்கு மேல் யாரோ கட்டாயமாகத் திணித்த முருங்கைக்காய்க் கட்டு. அதை வாங்க மாட்டேன் என்று அவர் மன்றாடியதையும், வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு அந்த அம்மா உள்ளே ஓடியதையும் நான் கண்டேன்.

கீரிமலையை நீங்கள் ஆடி அமாவாசையில் கண்டிருப்பீர்கள். கேணி, நகுலேஸ்வரம், பிதிர்க்கடன் கழிக்க வந்த கூட்டம், அந்தியேட்டி மடங்கள். கோயிலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கைகளுக்குள் வந்திருக்க மாட்டீர்கள். 1990இல் போரால் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் எழும்பி ஓடியது. போருக்குப் பிறகு காணிகள் இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கில் இன்னும் விடுபடாத காணிகள் இருக்கின்றன. ஆகவே ஒரு வளவில் புது வீடு, அடுத்த வளவில் ஆலமரம் வேர்விட்ட பழைய சுவர், அதற்கடுத்து செம்மண் கிளறிய தோட்டம். விதானையார் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறைக்கோட்டைத் தேடுகிறார். ஒரு வீட்டில் அந்தக் கோட்டுக்கு மேலே பிள்ளை பென்சிலால் "டித்வா" என்று எழுதி, கீழே ஒரு மீனும் கீறியிருந்தது. விதானையார் அதைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டார். "இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேணும்?"

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்!

ஐயா ஒருவரின் சின்ன வெங்காயம். நட்டுக் கொஞ்ச நாளில் மழை. செம்மண் தண்ணீரைச் சட்டென்று குடிக்கிற மண்தான், ஆனாலும் பள்ளப் பக்கம் தேங்கி நின்று தாள் மஞ்சளாகி, பிடுங்கினால் குமிழ் கையில் நசிகிறது. மூக்கைப் பொத்தத் தோன்றும் அந்த மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அளக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கமநல சேவை நிலையத்திலிருந்து. அது மத்திய அரசின் திணைக்களம். மற்றவர் விவசாயப் போதனாசிரியர். அவர் மாகாண விவசாயத் திணைக்களம். 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் விவசாயத்திலும் சுகாதாரத்திலும் பெரும்பங்கை மாகாணத்துக்குக் கொடுத்தது. சில பகுதிகள் கொழும்பிலேயே நின்றன. வடக்கு மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து போனது. அதன்பிறகு தேர்தலே இல்லை, ஆளுநரின் கீழ்தான் எல்லாம். சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தால் நித்திரை வரும். இந்தத் தோட்டத்தில் பார்த்தால் வராது: அளவு நாடா ஒன்றே ஒன்று. பூச்சிய முனையை மத்திய அரசு பிடிக்கிறது, மறுமுனையை மாகாணம் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நடக்கிறது. "இழுத்துப் பிடியும் தம்பி, தொய்யுது!" "அண்ணை, நான் முழங்கால் மட்டும் போயிட்டன், நீங்கள் வரம்பில நிண்டு கதைக்கிறியள்!"

அளந்து முடிந்ததும் வருகிறது அடுத்த வேலை. படிவம் ஹெக்டேயரில் கேட்கும். யாழ்ப்பாணத்தில் எந்தத் தோட்டக்காரரும் ஹெக்டேயரில் நினைப்பதில்லை, பரப்பில்தான். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஹெக்டேயருக்கு 40 பரப்புக்குச் சற்றுக் குறைவு. கமநல உத்தியோகத்தரின் குறிப்புப் புத்தகத்தின் பின்னட்டையில் பேனையால் எழுதிய வாய்ப்பாடு ஒன்று, விரல்பட்டு விரல்பட்டு மங்கிப்போய். நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000 ரூபா என்றால், இந்தப் பதினாறு பரப்புக் கணக்கில் பரப்புக்கு ஏறத்தாழ 3,800 என்று அதில் இருக்கிறது. மரக்கறிக்கு வேறு கணக்கு. ஐயாவுக்குக் கீழே பள்ளக் காணியில் கொஞ்சம் நெல்லும் உண்டு. வாய்ப்பாட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பரப்பில சொல்லுங்கோ. ஹெக்டேயர் எண்டு சொன்னா என்ர காணி எனக்கே சின்னனாத் தெரியுது."

காணி அவருடையதும் அல்ல, அதுதான் சிக்கல். உறுதி வேறொருவர் பெயரில். 1990இல் ஓடியவர்களில் ஒருவர், இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அம்மா. ஐயா குத்தகைக்குச் செய்கிறார். படிவத்தில் உரிமையாளர் கையொப்பம் என்று ஒரு பெட்டி. விதானையார் யோசித்துவிட்டு வட்ஸ்அப்பில் அழைக்கச் சொன்னார். இங்கே காலை பத்து, அங்கே முந்தின இரவு பதினொன்றரை. கம்பளி போர்த்த முகம் ஒன்று திரையில் வந்தது. காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த அம்மா. "கிணத்தடியைக் காட்டுங்கோ" என்றார். காட்டினார்கள். "அந்தப் பக்கம் ஒரு மாமரம் நிண்டது." இல்லை, அது இல்லை. "சரி. மண்ணைக் காட்டுங்கோ." கமநல உத்தியோகத்தர் நாடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து ஒரு பிடி செம்மண் அள்ளித் தொலைபேசிக் கமராவுக்கு நேரே பிடித்தார். அவருடைய கடமைப் பட்டியலில் அது இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னார்: "பயிர் செய்தவனுக்குத்தானே நட்டம். அவனுக்கே குடுங்கோ, நான் கடிதம் அனுப்புறன்." கடிதம் வரட்டும், பயிர் செய்தவர் இவர்தான் என்று நான் உறுதிப்படுத்துகிறேன் என்று விதானையார் எழுதிக்கொண்டார். ஐயா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார், வேர்வைதான் என்றார்.

எனக்கு ஒரு விசயம் அங்கே பட்டது, சொல்லாமல் போக முடியவில்லை. இழப்பீட்டுப் படிவத்தைத் தயாரிப்பவர்கள், உரிமையாளர் என்ற பெட்டிக்குப் பக்கத்தில் பயிர் செய்பவர் என்ற பெட்டியையும் அதே அளவில் போட வேண்டும். இடம்பெயர்ந்த ஊர்களில் காணி உறுதி ஒரு நாட்டிலும் மண்வெட்டி இன்னொரு நாட்டிலும் இருக்கின்றன. இது விதிவிலக்கு அல்ல, வலிகாமம் வடக்கின் வழமை.

பதினொரு மணிக்கு உடை மாற்றாமலே சேற்றுக் காலோடு அடுத்த பின்கதவு: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வாசலிலேயே குளோரின் மணம் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. களஞ்சிய அறையில் நீல நிறப் பீப்பாய்கள், புகை விசிறும் இயந்திரம், அதன் தலையில் யாரோ காயப்போட்ட தொப்பி. அலுமாரியின் மேல் தட்டில் ஜாம் போத்தல்கள் வரிசையாக. ஜாமா? கிட்டப் போய்ப் பாருங்கள். நெளிகின்றன! நுளம்புக் குடம்பிகள். எந்த ஒழுங்கை, எந்தப் பாத்திரம், எந்தத் திகதி என்று ஒவ்வொன்றிலும் சீட்டு. பூச்சாடித் தட்டு, சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு. யாழ்ப்பாணத்தில் மாரி மழை விட்ட கையோடு டெங்கு ஏறும்; மார்கழியும் தையும் இவர்களுக்கு நித்திரை இல்லாத மாதங்கள்.

பொதுச் சுகாதார பரிசோதகரின் பை ஒரு தனி உலகம். டோர்ச், கரண்டி, சோதனைக் குழாய்கள், நோட்டீஸ் கட்டு, நாய்களுக்குப் பிஸ்கட். ஆம், நாய்களுக்கு! "ஒழுங்கைக்கு ஒழுங்கை எனக்குச் சிநேகிதம் இருக்கு" என்கிறார். அவர் கேற்றடியில் சைக்கிள் மணியை நீளமாக அடிக்கிறார், உடனே உள்ளே தடதடவென்று சத்தம். சிரட்டை கவிழும், வாளி கவிழும். ஆட்களைத் தப்பவிடுகிறாரே என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "கவிழ்த்தால் சரிதானே தம்பி. எனக்கு வழக்குப் போடுறதைவிட நுளம்பு இல்லாமல் போறதுதான் வேணும்."

மருந்து அறையில் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருவர் மாத்திரை எண்ணிச் சின்ன உறைகளில் போடுகிறார்கள். டொக்சிசைக்கிளின். இதற்கு ஒரு கதை உண்டு, யாழ்ப்பாணம் மறக்காத கதை. 2024 டிசம்பரில் இங்கே சிலர் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தார்கள். என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஊர் கலங்கியது. பிறகு தெரிந்தது எலிக்காய்ச்சல் என்று. வெள்ளம் நின்ற வயலில், வாய்க்காலில் கால் வைக்கிறவர்களைப் பிடிக்கிற நோய். அந்த வருடமே வயலுக்குப் போகிறவர்களைத் தேடிப்போய் மாத்திரை கொடுத்தார்கள். இம்முறை வெள்ளம் வடிய முன்னரே உறைகள் தயார். எண்ணிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "மாத்திரையைக் குடுத்தா வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில வைக்கிறாங்கள். அதால நாங்கள் தண்ணிப் போத்தலும் கொண்டு போறது. முன்னால குடிச்சாத்தான் அடுத்த வரம்புக்கு."

பாருங்கள், காலையில் வெங்காயத் தோட்டத்தில் முழங்காலளவு சேற்றில் நின்றாரே விவசாயப் போதனாசிரியர், அவருடைய பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. இழப்பை அளக்கப் போகிறவருக்கும் மாத்திரை.

ஒரு மணிநேர இடைவெளி என்றார்கள். யாரும் முழுவதும் எடுக்கவில்லை. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதியைத் திறந்தால் ஐந்து கைகள் ஐந்து கறிக்காக நீளும். கத்தரிக்காய் பால்கறி ஒருவரிடம், கணவாய் ஒருவரிடம். திருவெம்பாவை விரதக்காரருக்கு மட்டும் மரக்கறிப் பக்கம் எல்லை போடப்பட்டது, கணவாய்ச் சட்டி அந்த எல்லையைத் தாண்டாமல் ஒருவர் காவல். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்ட கூட்டம், தொலைபேசி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழும்பியது.

பின்னேரம் கேணி. எத்தனையோ தடவை குளித்த இடம், இன்றைக்குத்தான் வேலைக் கண்ணோடு பார்க்கிறேன். கடல் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்பாக மோதுகிறது, சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர். குதிரை முகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் கீரி முகம் நீங்கிய நகுல முனிவரின் கதையும் இந்த அதிசயத்தைச் சுற்றித்தான் பிறந்தன. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழையில் ஓடுகிற வழுக்கையாறு மட்டும்தான். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கி, கடல் விளிம்பில் இப்படி ஊற்றாக வெளியே வருகிறது. இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் 1950இல் பக்கத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது.

கேணிக்குள் பொடியன்கள் குதித்துக் கும்மாளம். பரிசோதகர் கிருமி நீக்கிய போத்தலோடு படியில் இறங்கி, "இரண்டு நிமிசம் அசையாமல் நில்லுங்கோடா" என்றதும், பத்துப் பன்னிரண்டு ஈரத் தலைகள் கழுத்தளவு தண்ணீரில் சிலையாகின. ஒருவனுக்குத் தும்மல். மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க அடக்குகிறான்! போத்தல் நிரம்பி, மூடி இறுகி, ஐஸ் பெட்டிக்குள் போனதும் பரிசோதகர் கையைக் காட்டினார். அந்தத் தும்மலும் பன்னிரண்டு பேரின் குதிப்பும் ஒன்றாக வெடித்தன. என் சட்டை முழுக்கக் கீரிமலைத் தீர்த்தம்.

அந்த நேரம் பார்த்து விவசாயப் போதனாசிரியர் கால் கழுவ வந்து சேர்ந்தார். தேநீர்க் கடை வாங்கில் இருவரும் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது நான் அன்று கேட்டவற்றிலே அருமையான வாக்குவாதம். யூரியா போடுகிற கை கொஞ்சம் குறைந்தால் கிணற்று நீர் தப்பும் என்கிறார் பரிசோதகர். மலசலகூடக் குழிகளை ஒழுங்காகக் கட்டச் சொன்னீர்களா என்கிறார் போதனாசிரியர். இரண்டும் உண்மை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தின் கிணறுகள் பல அதைத் தாண்டி நிற்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. பசளையும் குழிநீரும் ஒரே வெடிப்பால் இறங்கி ஒரே நீரில் கலக்கின்றன. பிளேன்டீ ஆறும்வரை இருவரும் விடவில்லை. கடைசியில் கடைக்காரர் சொன்னார்: "ரெண்டு பேரும் என்ர கிணத்துத் தண்ணியிலதான் தேத்தண்ணி குடிக்கிறியள். முதல்ல அதைச் சோதிச்சுச் சொல்லுங்கோ." பரிசோதகர் உடனே பையைத் திறந்து இன்னொரு போத்தலை எடுத்தார்!

எனக்கு அன்று முழுவதும் அலைந்து விளங்கியது இதுதான். குறைநிரப்புப் பணத்தில் பயிர் அழிந்ததற்கு ஒரு கணக்கு உண்டு. கிணற்றுக்குக் குளோரின் போட, நுளம்புக்குப் புகை அடிக்க, மாத்திரை கொடுக்க வேறு கணக்கு உண்டு. சுகாதாரத்தின் கோவை ஒரு கந்தோரில், விவசாயத்தின் கோவை இன்னொரு கந்தோரில். இரண்டும் சேர்கிற இடம் நிலத்துக்கடியில் இருக்கிற அந்தத் தண்ணீர். அதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு பெட்டி இல்லை. இந்த இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தது தற்செயல். அவர்களை மாதத்தில் ஒரு நாளாவது ஒரே மேசையில், ஒரே நிதியோடு உட்கார வைப்பதற்கு அடுத்த ஒதுக்கீட்டில் ஓர் இடம் கிடைக்குமென்றால், கீரிமலைக்கு அதைவிடப் பெரிய கொடை நான் அறியேன்.

இருட்டிய பிறகு திரும்பவும் செயலகம். முன்கதவு பூட்டியாயிற்று, உள்ளே வெளிச்சம். மழை கூரையில் கொட்டுகிறது. காலையில் ஏறிய பெயர்கள், பகலில் அளந்த பரப்புகள், வங்கியில் உறுதிசெய்த இலக்கங்கள் எல்லாம் கணினிக்குள் போகின்றன. ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு, மூன்றாமவர் விரலால் வரி பிடிக்கிறார். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது, "சேமிச்சனியோ?" என்று ஒரே நேரத்தில் நான்கு குரல். குரல் போன முன்பாட்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட, கைதட்டல். கணக்காளர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டப் பிடித்து, பெயர் பெயராக வாசித்துத்தான் ஒப்பம் வைக்கிறார். அவசரப்படுத்தினவரிடம் சொன்னார்: "இதில ஒரு ஆள் விடுபட்டா, நாளைக்கு அந்த முகத்தைப் பார்க்கப் போறது நான்."

ஒப்பம் விழுந்தது. பட்டியல் மாவட்டச் செயலகத்துக்குப் போனது. யாரோ பையிலிருந்து கொத்துரொட்டிப் பொதிகளை எடுத்துப் பரப்பினார்கள். முதல் வாய் உள்ளே போக முன்னர் தொலைபேசி அடித்தது. எடுத்த அக்கா கேட்டுக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார்.

"என்னவாம்?"

"திருத்தச் சுற்றுநிருபம். பயிர்ப் பட்டியலில இன்னுமொரு நிரல் கூட்டட்டாம். விடியக் காலமை வேணுமாம்."

"நிரல் கூட்டலாம் அக்கா. அச்சடிக்கத் தாள் முடிஞ்சுது."

ஒரு கணம் எல்லோரும் ஆளை ஆள் பார்த்தார்கள். அடுத்த கணம் குடைகள் விரிந்தன. கமநல நிலையக் காவலாளியிடம் திறப்பு இருக்கிறது, அங்கே இரண்டு கட்டுத் தாள் இருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஸ்கூட்டி முன்னால், மோட்டார் சைக்கிள் பின்னால். தாள் நனையக்கூடாது என்று சவர்க்காரப் பெட்டியின் பொலித்தீன் உறையைக் கிழித்து என் கையில் திணித்து, "நீரும் வாரும், பின்னால இருந்து பிடியும்!" என்றார்கள். ஏறினேன்.